தட்டிப் பார்க்க இயலாத பானை

என் தாயார் மண்பானை வாங்கும்போது முதலில் விலை கேட்கமாட்டார்கள். காருகுறிச்சியிலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் பானைகளை அடுக்கிக்கொண்டு வருவோர் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தியதும், அம்மா ஒரு பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி மும்முறை தட்டுவார்கள். ‘கணீர்’ என்று ஒலித்தால் பானை வீட்டுக்கு. ‘தொப்’ என்று ஒலித்தால் வண்டிக்கு. பின்னர்ப் பானையை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, வாயினுள்ளே நோக்கி, அடியில் ஊசிமுனை அளவேனும் ஒளி தெரிகிறதா என்று ஆராய்வார்கள். பேரம் அதன் பிறகுதான். பத்தமடைப் பாய் வாங்கினாலும் இதே முறைதான். மேற்புறத்து வண்ணத்தில் மயங்காமல், பாயைப் புரட்டிப் போட்டுப் பின்புறத்துக் கோரையைக் கைகளால் தடவிப் பார்ப்பார்கள்.

இக்காலத்திலோ பொருள் வருமுன் அதன் படம் வந்துவிடுகிறது. கைப்பேசியின் கண்ணாடித் திரையில் தெரியும் பானையை எத்துணை முறை தட்டினாலும் ஓசை எழாது. விரல் பட்ட மாத்திரத்தில் பானை நம் கணக்கில் விற்பனையாகிவிடும், அவ்வளவே!

என் மகன், நாற்பது வயதைக் கடந்தவன், பழைய ‘டி.வி. கேம்’ கருவிகளைத் தேடி வாங்கிப் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறான். “இதுவும் ஒரு பொருளா? இதற்கும் ஒரு கட்டுரையா?” என்று வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். நானும் நெடுநாள் அவ்வாறு நகைத்தவன்தான். எனினும் கிறிஸ்துமஸ், புதுநன்மை, பிறந்தநாள் என்று பிள்ளைகளுக்குப் பரிசளிப்பதற்காக இணையச் சந்தைகளில் இத்தகைய கருவிகளை வாங்கும் பெற்றோர் நம் பங்குகளிலும் பெருகி வருகின்றனர். வாங்கி ஏமாந்தவர் சிலர் அவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்திருக்கின்றனர். அன்றியும், இப்பொழுதுபோக்கின் வாயிலாக நான் என்னைப் பற்றியே அறிந்துகொண்டது ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ, 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் கருவியொன்றை ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்னும் பெயரில் வெளியிட்டது. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு அதன் புகழை உலகெங்கும் பரப்பிற்று. அசலான அக்கருவியை நம் ஊர்களில் கண்டவர் மிகச் சிலரே. அதன் நகல்களே 1990களில் கடல் கடந்து வந்து, சென்னை பர்மா பஜார் போன்ற கடைவீதிகளை நிறைத்தன. ‘சாமுராய்’, ‘லிட்டில் மாஸ்டர்’ முதலிய பெயர்களோடும் இந்நாட்டில் விற்கப்பட்டன. விளையாட்டு அடங்கிய பெட்டியைப் பிள்ளைகள் ‘கேசட்’ என்றே அழைத்தனர். பாட்டுக் கேட்கும் கேசட்டுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவற்றில் இருந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை உரியவரிடம் உரிமை பெறாமல் படியெடுக்கப்பட்டவை என்பது அக்காலத்தில் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாங்காமல் இருந்திருப்போமா என்பதற்கு நான் உறுதி கூறமாட்டேன்.

பாளையங்கோட்டையில் மணிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை விளையாட விடும் வீடுகள் அப்போது இருந்தன. 1994ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், மளிகைக் கடைக்குப் போய் வந்த என் மகன் மீதிச் சில்லறையில் ஐந்து ரூபாய் குறைவாகத் தந்தான். கேட்டதற்கு, வழியில் விழுந்துவிட்டது என்றான். உண்மை மாலைக்குள் தெரிந்துவிட்டது. அடித்தேன், ஐந்து ரூபாய்க்காக அல்ல, பொய்க்காக என்று சொல்லிச் சொல்லியே அடித்தேன். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து வந்த மைத்துனரிடம் 1,400 ரூபாய் கொடுத்தனுப்பி ஒரு டி.வி. கேம் வரவழைத்ததும் நானேதான். ஆசிரியர் சம்பளத்தில் அது சிறிய தொகையன்று. குடும்பச் செபமாலை முடிந்த பின்னரே பெட்டியைத் திறக்கலாம் என்பது நிபந்தனை. எங்கள் வீட்டில் ஐம்பத்து மூன்று மணிகளும் அந்த ஆண்டு ஓடிய வேகத்தில் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

அவன் வளர்ந்து, பட்டயப் படிப்பு முடித்து, வளைகுடா நாட்டில் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, 2020இல் கொரோனாவின் காரணமாக ஊர் திரும்பினான். வண்ணார்பேட்டையில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடையொன்று வைத்தான். இரவு வேளைகளில் அவன் மனம் எதையோ தேடியது. வேலையை இழந்த மனிதனின் இரவு எத்தகையது என்பது அனுபவித்தவர்க்கே தெரியும். ஒருநாள் பரணிலிருந்து அந்தப் பழைய டி.வி. கேமை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். அதன்பின் இணையச் சந்தையில் அதைப் போன்றவற்றைத் தேடத் தொடங்கினான்.

முதன்முதலில் வாங்கியது 2021இல். படத்தில் கருவி பளபளத்தது. ‘அசல், புத்தம் புதியது போன்றது, 99,99,999 விளையாட்டுகள் அடங்கியது’ என்று விற்பவர் எழுதியிருந்தார். நாளொன்றுக்குப் பத்து விளையாட்டு வீதம் விளையாடினாலும் அத்தனையையும் முடிக்க 2,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதாவது, நம் ஆண்டவர் பெத்லகேமில் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்! இவ்வளவு எளிய கணக்கை நானும் போடவில்லை, அவனும் போடவில்லை. ரூபாய் இரண்டாயிரத்துக்கு மேல் அனுப்பினோம்.

வந்த பெட்டி கனமாகவே இருந்தது. கனமாக இருக்கும் பொருள் நல்ல பொருள் என்பது நம் முன்னோர் காலத்து நம்பிக்கை. மகன் திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்ததும் அக்கனத்தின் இரகசியம் வெளிப்பட்டது. உள்ளே, எதனோடும் தொடர்பற்ற ஓர் இரும்புத் தகட்டைத் திருகி வைத்திருந்தனர். உண்மையான கருவி, உள்ளங்கை அளவே உள்ள ஒரு பச்சைத் தகடு. அதன் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு. விளையாட்டுகளை அவன் பொறுமையாக ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலிட்டதில் தேறியவை பதினான்கு. எஞ்சியவை எல்லாம் அந்தப் பதினான்கே, வேறு வேறு பெயர்களில். விற்றவருக்கு எழுதினோம், பதில் இல்லை. சந்தையாரிடம் முறையிட்டோம்; ‘படம் மாதிரிக்கு மட்டும்’ என்று அடியில் எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினர். பணம் திரும்பவில்லை.

“போனது போகட்டும் அப்பா. ஆச்சி பானையைத் தட்டிப் பார்ப்பது மாதிரி, படத்தைத் தட்டிப் பார்க்க எனக்கும் ஒரு வழி வேண்டும்” என்றான் மகன்.

அந்த வழியை அவன் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. மேசையின் மறுபுறம் விளக்கைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்த எனக்கும் அதில் ஓரளவு பயிற்சி உண்டாயிற்று.

முன்புறப் படத்தை அவன் இப்போது பார்ப்பதே இல்லை. முன்புறம் எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும். கருவியின் அடிப்புறம், கேசட் நுழையும் வாய், மூடியைக் கழற்றியபின் உட்புறம் ஆகிய மூன்றையும் படமெடுத்து அனுப்புமாறு கேட்கிறான். அன்றைய தேதியை ஒரு சீட்டில் எழுதி அருகில் வைத்துப் படமெடுக்குமாறும் வேண்டுகிறான். பிறருடைய படத்தைத் திருடிப் போட்டவரால் இது இயலாது. கேட்டதும் அனுப்புபவர் பாதி நம்பத்தக்கவர். ‘திறக்க நேரமில்லை’ என்பவரிடம் நாமும் நேரத்தைச் செலவிடலாகாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். காசு கொடுத்து வாங்கும் மாட்டின் வாயைத் திறக்க விடாதவனிடம் ஏதோ சங்கதி இருக்கிறது என்றுதானே பொருள்?

உட்புறப் படத்தில் முதலில் நோக்கவேண்டியது அந்தக் கறுப்புப் பொட்டு. பழைய நகல்களில் நாற்பது கால்கள் கொண்ட இரண்டு பெரிய சில்லுகள், பூரான்கள் போல, தனித்தனியே வீற்றிருக்கும். ஒன்று கணக்கைப் பார்ப்பது, மற்றது படத்தைத் தீட்டுவது. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். பின்னர் வந்த மலிவான கருவிகளிலோ எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடிவிட்டனர். அது பழுதானால் மாற்ற இயலாது. பொட்டு வைத்த கருவி எல்லாம் மோசம் என்று மகன் சொல்வதில்லை. பொட்டுக்குரிய விலைக்குப் பொட்டை வாங்கலாம், இரண்டு சில்லுகளின் விலைக்கு வாங்கலாகாது என்கிறான்.

அடுத்தது, ரேடியோ மெக்கானிக்குகள் ‘கண்டென்சர்’ என்று சொல்லும் சிறு உருளைகள். அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தாலும், அடியில் ஈரக் கறை படிந்திருந்தாலும் அவற்றின் ஆயுள் முடிந்தது. முப்பது ஆண்டுகளான கருவியில் இது இயல்பே. ஒன்றின் விலை சில ரூபாய்தான். ஆகையால் கண்டென்சர் உப்பியதற்காக ஒரு கருவியைத் தள்ளவேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்கவேண்டும், அவ்வளவே. பித்தளைத் தகடுகளின் மீது படிந்த அழுக்கும் அத்தகையதே. கேசட் இயங்காதபோது அதன் வாயில் ‘பூ’ என்று ஊதாத பிள்ளை அக்காலத்தில் இருந்ததா? ஊதுவதால் பயனில்லை, மூச்சின் ஈரம் தகடுகளை மேலும் கெடுக்கும். ஊதவேண்டாம் என்று நிண்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஊதியபின் இயங்கியதற்குக் காரணம், கேசட்டை ஒருமுறை எடுத்து மீண்டும் செருகியதுதான். நான் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன். ஆயினும் என் பிள்ளைகள் ஊதியபோது நானும் சேர்ந்து ஊதியிருக்கிறேன்.

நிறமும் ஏமாற்றும். வெண்மையான பிளாஸ்டிக் காலப்போக்கில் பழுத்த வெற்றிலைபோல் மஞ்சளாகும். அதில் சேர்த்துள்ள தீத்தடுப்பு இரசாயனமும் சூரிய ஒளியும் அதற்குக் காரணங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் மீண்டும் வெளுத்துவிடும். ஆகவே மஞ்சள் நிறம் குற்றமன்று, முதுமை. அளவுக்கு மீறிய வெண்மையைக் கண்டால்தான் மகன் உற்றுப் பார்க்கிறான்.

ஜப்பானிலிருந்து நேரே வரும் அசல் கருவியை வாங்குவோர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். அந்நாட்டு வீடுகளில் மின்சாரம் 100 வோல்ட். நம் வீடுகளில் 230 வோல்ட். உடன் வரும் அடாப்டரை நம் சுவரில் செருகினால் புகைதான் வரும். நகல்களிலும் அடாப்டர் முனையில் எது நேர், எது எதிர் என்பது கருவிக்குக் கருவி மாறுபடும். அடாப்டரை மாற்றிச் செருகிக் கருவியைக் கெடுத்தவர்கள்தான் எங்கள் வாசலுக்கு மிகுதியாக வருகின்றனர்.

துப்பாக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். திரையில் பறக்கும் வாத்தைச் சுடும் அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கு ஆசைப்படாதவர் இல்லை. பங்கைச் சேர்ந்த ஒருவர் தம் பையனுக்கு வாங்கிக் கொடுத்து, ‘ஒரு வாத்துகூட விழவில்லை’ என்று கொண்டுவந்தார். துப்பாக்கியில் பழுதொன்றும் இல்லை. அவர் வீட்டுத் தொலைக்காட்சியே காரணம். விசையை அழுத்திய நொடியில் திரை இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாக மின்னும். அம்மின்னலைத் துப்பாக்கியின் வாயில் உள்ள கண் காணவேண்டும். பழைய படக்குழாய்ப் பெட்டியில் அது உடனே தெரியும். இன்றைய தட்டையான திரைகளோ படத்தைக் காட்டச் சற்றுத் தாமதிக்கின்றன; அதற்குள் துப்பாக்கி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறது. ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதி விற்றவரும் பொய் சொல்லவில்லை. எந்தப் பெட்டியில் சோதித்தார் என்பதைத்தான் சொல்லவில்லை.

‘சோதிக்கவில்லை’ என்று எழுதுவது இன்னொரு வகை. வீட்டில் மின்சாரம் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, அடாப்டரும் படத்தில் தெரிகிறது. பின் ஏன் சோதிக்கவில்லை? அச்சொல்லைக் கண்டால் ‘இயங்கவில்லை’ என்றே மகன் வாசிக்கிறான்.

பிள்ளைகளுக்குப் புதிதாக வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. கையில் வைத்து விளையாடும் சிறு கருவிகள் சில நூறு ரூபாய்க்கே இணையச் சந்தைகளில் கிடைக்கின்றன. அவற்றின் விளையாட்டுகள் எப்படியோ போகட்டும். உள்ளிருக்கும் மின்கலமும் உடன் வரும் சார்ஜரும்தான் கவலைக்குரியவை. மின்னணு விளையாட்டுக் கருவிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்பது 2012இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையால் வந்த விதி. பதிவு பெற்ற பொருளில் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தும் அதனைத் தொடர்ந்து எட்டு இலக்கங்களும் இருக்கும். அவ்வெண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால் அது மெய்யா என்பது தெரியும். சிறுவர் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்கலம் உப்பி, கருவியின் முதுகு புடைத்திருந்தால் அன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள். பிள்ளையின் தலையணைக்கடியில் வைத்துத் தூங்க விடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் வாளாவிருக்கவும் வேண்டாம். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, முறையீட்டைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணச் சந்தையார் கடமைப்பட்டவர்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். நாங்கள் 2021இல் இதை அறிந்திருக்கவில்லை.

இனி, நான் முதலில் கூறுவதாகச் சொன்ன செய்திக்கு வருகிறேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நெல்லைச் சீமையில் எவரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. மலையில் பெய்த மழையும் அணைகளிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து தாமிரபரணி கரை கடந்தாள். எங்கள் வீடு கொக்கிரகுளத்தில், ஆற்றை நோக்கித் தாழ்ந்து செல்லும் தெருவில் உள்ளது. 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்த பாலத்தினடியில் ஆறு உறுமிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தையே நீர் சூழ்ந்தபோது எங்கள் ஓட்டு வீடு எம்மாத்திரம்? பக்கத்து வீட்டு மாடியில் இரு இரவுகள் கழித்தோம். உயிருக்குச் சேதமில்லை, ஆண்டவருக்கு நன்றி. நீர் வடிந்தபின் சன்னல் உயரத்துக்குச் சுவரில் ஒரு பழுப்புக் கோடும், தரையில் கணுக்கால் அளவுக்குச் சேறும் எஞ்சின. குளிர்சாதனப் பெட்டி, மிக்சி, பேத்தியின் புத்தகங்கள், என் மனைவி பத்திரமாக வைத்திருந்த திருமணப் படங்கள் எல்லாம் போயின.

மகனின் கருவிகள் இருந்த டிரங்குப் பெட்டி கட்டிலடியில் நீரில் மூழ்கிக் கிடந்தது. திறந்தபோது பதினொரு கருவிகளும் சேற்றில் ஊறியிருந்தன. ஆயினும் ஒரு நன்மை இருந்தது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்குள் நீர் புகுந்தால் செப்புக் கோடுகளை அது விரைவில் அரித்துவிடும். உறங்கும் கருவி பிழைக்க வாய்ப்பு உண்டு. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, மூன்று வாரம் உலர்த்தி, அவன் எட்டுக் கருவிகளை எழுப்பிவிட்டான். மூன்று எழவில்லை. 1994இல் வாங்கிய கருவி அந்த மூன்றில் ஒன்று.

எழுந்த எட்டும் நலமானவை என்று சொல்லிவிட முடியாது. சில்லுகளின் கால்களுக்கு அடியில், கண்ணுக்கும் பல்துலக்கிக்கும் எட்டாத இடத்தில், சேற்றின் உப்பு தங்கியிருக்கும். அது மழைக்கால ஈரத்தை உறிஞ்சி, செம்பின்மேல் பச்சை நிறத்தில் களிம்பாகப் பூக்கும். இன்று நன்றாக இயங்கும் கருவி ஆறு மாதத்தில் ஊமையாகலாம். ஆண்டுக்கணக்கில் ஓடவும் கூடும். என் சைவ நண்பர்கள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகக் கூறுவார்கள். வெளியே புளி போட்டுத் துலக்கலாம், உள்ளே இருப்பது மீண்டும் மேலே வரும் என்பார்கள்.

2024 மே மாதம். சுவர்ப் பூச்சுக் கடன், பேத்தியின் பள்ளிக் கட்டணம் இரண்டும் ஒரே சமயத்தில் வந்து நின்றன. நான்கு கருவிகளை விற்பதென்று மகன் முடிவு செய்தான். அவற்றுள் ஒன்று, இரண்டு சில்லுகளும் தனித்தனியே உள்ள நல்ல வகை, துப்பாக்கியோடு கூடியது. அத்தகையது ஆறாயிரம் வரை போகும் என்றான். விளம்பர வாசகம் எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். ‘முப்பது ஆண்டுப் பழைமையானது, உட்புறம் முழுவதும் தூய்மை செய்யப்பட்டது, நன்கு இயங்குகிறது’ என்று எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யன்று.

மகன் அதை வாசித்துவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தான்: ‘2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்தது, பின்னாளில் பழுது வரக்கூடும், உட்புறப் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.’ அதோடு நில்லாமல், ஒரு திருகில் ஏறியிருந்த துருவை மட்டும் கிட்டத்தில் படமெடுத்துச் சேர்த்தான்.

“ஏன் ராசா, கேட்டால் சொல்லலாமே? கேளாததை நாமே எழுத வேண்டுமா? விலை பாதியாகிவிடுமே” என்றேன். என் குரலில் இருந்தது அறிவுரை என்றே நான் நினைத்திருந்தேன்.

“ஆச்சி பானை வாங்கினபோது பானைக்காரர் தட்டிப் பார்க்க விட்டார் அப்பா. இவர் தட்ட முடியாதே” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பித் தன் வேலையைப் பார்த்தான்.

அவன் 1994ஐ நினைத்துச் சொன்னானா என்பது எனக்குத் தெரியாது. நான் நினைத்தேன். வழியில் விழுந்துவிட்டது என்று அவன் மறைத்தது ஐந்து ரூபாய். அதற்காக அடித்த கைதான், சேறு மறைந்த வாசகத்தை இப்போது எழுதியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின், பேச்சுவாக்கில் கேட்பதுபோல் பங்குத் தந்தையிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித தாமஸ் அக்வினாஸ் இக்கேள்விக்கு விடை எழுதிவிட்டார் என்றார். அந்நூலின் பெயர் ‘சும்மா தெயோலோஜிகா’. நம் காதுக்கு வேடிக்கையாக ஒலிக்கும் பெயர், ஆனால் சும்மா எழுதிய நூலன்று. விற்கும் பொருளிலுள்ள குற்றத்தை விற்பவன் சொல்லக் கடமைப்பட்டவனா என்று அதில் ஒரு வினா எழுப்பியிருக்கிறாராம். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது போல எவரும் காணக்கூடிய குற்றமாயின், அதற்கேற்ப விலையையும் குறைத்துக்கொண்டால், வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமில்லை. மறைந்து கிடந்து, வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குற்றமாயின், சொல்லியே தீரவேண்டும். “உங்கள் குதிரைக்கு எந்தக் கண் இல்லை?” என்று கேட்டார் தந்தை. நான் பேச்சை மாற்றிவிட்டேன். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் மாற்றவில்லை.

கருவி பதினெட்டு நாள்கள் விற்காமல் கிடந்தது. பத்தொன்பதாம் நாள் வெளியூரிலிருந்து ஒருவர் 2,600 ரூபாய்க்குக் கேட்டார். துருவேறிய திருகின் படத்தைப் பார்த்துத்தான் எழுதுவதாகக் குறிப்பிட்டிருந்தார். அதைக் காட்டியவர் வேறொன்றையும் மறைத்திருக்கமாட்டார் என்று தோன்றியதாம். பள்ளிக் கட்டணத்துக்கு மீதியை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தேன். பழைய செய்தித்தாளைக் கசக்கி நாற்புறமும் திணித்து, துப்பாக்கியைத் துணியில் சுற்றி, ‘படக்குழாய்த் தொலைக்காட்சியில் மட்டும் இயங்கும்’ என்று என் கையாலேயே ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அவரிடமிருந்து செய்தி வந்தது. படம் தெரிகிறது, ஒலி நின்றுவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. எந்த இடத்தில் தேடவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். அனுப்புமுன் எடுத்த உட்புறப் படத்தை மகன் தேடி எடுத்து, ஒலி செல்லும் வழியில் உள்ள ஒரு சிறு கண்டென்சரைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு அனுப்பினான். மூன்றாம் நாள் இரவு, நாங்கள் செபமாலை முடித்து எழும் வேளையில், அவனுடைய கைப்பேசியில் பதில் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. அரை நிமிட ஒலிப்பதிவு மட்டும். மாரியோவின் பாட்டு. பேத்தி அதனை மும்முறை போட்டுக் கேட்டாள்.